கடல்கட்டியின் வாய்க்கட்டு

எந்த வேலைக்காரனைக் கேட்டாலும் தன் வேலைக்கு ஒரு அடையாளம் காட்டுவான். கொத்தன் சுவரைக் காட்டுவான். தையற்காரன் சட்டையைக் காட்டுவான். ஒன்றுமில்லாவிட்டால் கள்ளன்கூட முதுகில் வாங்கிய தழும்பைக் காட்டுவான். சிலுவையின் குடும்பத் தொழிலில் மட்டும் காட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. அவர்கள் கடல்கட்டிகள். முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர்கள். கட்டு பலித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. குளித்தவன் இரண்டு கையும் இரண்டு காலுமாக ஏறி வருவான், தலையைத் துவட்டுவான், கஞ்சியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவான். நடக்காமல் போன ஒன்றுக்கு எந்த மடையன் கைதட்டுவான், சொல்லுங்கள்!

சிலுவையின் அப்பா வெள்ளைக்காரன் காலத்திலிருந்து உட்கார்ந்தவர். உட்காருவதுதான் வேலை. விடியுமுன் தோணிகள் பாய் விரித்துப் புறப்படும்போது, தூத்துக்குடிக் கரையில் கடலைப் பார்த்து உட்காருவார். மந்திரத்தை மனசுக்குள் சொல்லி, மாதாவுக்கு ஒரு செபத்தையும் சேர்த்துக்கொண்டு வாயை மூடினாரென்றால், கடைசி ஆள் தண்ணீரைவிட்டு ஏறுகிறவரை திறக்கமாட்டார். ஒரு பேச்சு கிடையாது. நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கடல்கட்டி வாய் திறந்தால் சுறாவும் வாய் திறக்கும், அவ்வளவுதான் சங்கதி. அவர் உட்காராமல் ஒருத்தனும் கடலில் கால் நனைக்கமாட்டான். மாலையில் குளிகாரர்கள் ஆளுக்கொரு சிப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள். பங்குச் சாமியார் மட்டும் பிரசங்கத்தில் மந்திரத்தைக் கிழிகிழியென்று கிழிப்பார். கிழித்துவிட்டு, குளிப்பு தொடங்குகிற அன்று, "அவரு வந்து உக்காந்துட்டாரா?" என்று கோயில்பிள்ளையை அனுப்பிக் கேட்டுக்கொள்வார்.

அறுபத்தொன்றில் நடந்த குளிப்பில் ஒருநாள் அப்பாவுக்குக் காய்ச்சல். பத்தொன்பது வயசுச் சிலுவை அவருக்குப் பதிலாக உட்கார்ந்தான். உதடு வெடிக்கிற வெயில். சாயங்காலம் எல்லாத் தோணியும் நல்லபடியாகத் திரும்பின. எழுந்து நின்று பார்த்தான், யாராவது ஒரு வார்த்தை சொல்வார்களா என்று. குளிகாரர்கள் சிப்பியை வைத்துவிட்டு, அன்று பிடிபட்ட ஒரு திருக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டே போய்விட்டார்கள். அந்தக் குளிப்புதான் கடைசி. அதன்பிறகு கடலடிப் பாறைத்திட்டான பார்களில் முத்துச்சிப்பி பிடிக்கவேயில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். சிலுவையிடம் மிஞ்சியது யாருக்கும் வேண்டாத ஒரு மந்திரமும், கடற்கரையோரத்து ஐஸ் கம்பெனியில் கட்டி இழுக்கிற வேலையும். கொக்கியை மாட்டி ஐஸ்கட்டியை இழுத்துக்கொண்டு அவன் போகும்போது, "என்ன கடல்கட்டி, இன்னைக்கு ஐஸைக் கட்டுதியா?" என்று வண்டிக்காரன்வரைக்கும் கேட்பான். சிலுவை சிரித்துக்கொள்வான். சிரிக்காமல் என்ன செய்ய?

வீட்டில் அவன் மனைவி பிலோமி. பிள்ளை கிடையாது. பிள்ளை இல்லாத இடத்தில் இருந்தவன் இனிகோ, பிலோமியின் தம்பி. அவனைப் பெற்ற ஆறாம் நாளில் தாய்க்காரி கண்ணை மூடிவிட்டாள். பத்து வயசுப் பிலோமி இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். கலியாணமாகி வரும்போது சீதனத்தோடு சீதனமாகத் தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். வளர்ந்ததும் சங்கு குளிக்கப் போனான். முத்து போனாலும் சங்கு இருந்தது. காதில் கண்ணாடிக் கடுக்கனும் வாயில் ஓயாத சிரிப்புமாக, அந்த வீட்டின் மொத்தச் சத்தமும் அவன்தான். அவன் கடலுக்குப் போகிற நாளெல்லாம் பிலோமிக்குச் சோறு இறங்காது. அவன் குரல் தெருமுனையில் கேட்டபிறகுதான் உலை வைப்பாள்.

எழுபத்தெட்டில் இந்த ஆட்டம் வந்தது. கொண்டுவந்தவன் கிருபை. சாத்தான்குளத்துக்காரன், வெளிநாட்டுக் கப்பலில் வேலை. அடுத்த கப்பலுக்கு ஆள் கூப்பிடுகிறவரை துறைமுகத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஐஸ் கம்பெனிக் குமாஸ்தா மந்திரமூர்த்தி அவனுக்குச் சிநேகிதம். கப்பலில் ஒரு அமெரிக்காக்காரன் கொடுத்ததாம், ஒரு மெல்லிய புத்தகமும் ஒரு பகடையும். பகடைக்கு இருபது முகம். இருபது முகத்தில் ஒரு பகடையைத் தூத்துக்குடி அதுவரை கண்டதில்லை. மந்திரமூர்த்தி அதை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "இத வச்சுத் தாயம் ஆடுனா செத்தான்ய்யா சிவனே" என்றான்.

ஆட்டம் என்றால் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இப்படிச் செய்கிறேன், அப்படிச் செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். வேஷம் ஒவ்வொன்றுக்கும் ஒரு திறமை உண்டு. சண்டைக்காரனுக்கு வாள், மந்திரவாதிக்கு மந்திரம், கள்ளனுக்கு இருட்டில் கை. புத்தகத்தில் இருந்த குகையையும் பூதத்தையும் கிருபை தூக்கிப் போட்டுவிட்டான். முங்கிப்போன பழைய கப்பல், அதில் புதையல், காவலுக்குச் சுறா என்று கதையை நம் கடலுக்கே கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கடலுக்கு யாரும் போகாத பகலில், ஐஸ் கம்பெனியின் பின்கட்டில் மரத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்து ஆடினார்கள். சோழகக் காற்று அடிக்கிற காலம், கடல் கலங்கிக் கிடந்தது, சங்கு குளிப்பும் இல்லை. இனிகோ சண்டைக்காரன் வேஷத்தை எடுத்துக்கொண்டான்.

"வருசம் பூரா தண்ணிக்குள்ள கெடக்கேன். ஞாயித்துக்கிழமையாவது வாளத் தூக்கிட்டுக் காஞ்ச தரையில நடக்கேன்" என்றான். நேர்மையில் நெருப்பான மந்திரமூர்த்தி கள்ளனாக இருப்பேன் என்று அடம்பிடித்தான். சிலுவையின் முறை வந்தது.

"இதுல எங்க ஆளு இல்லியா தம்பி?" என்று கேட்டான் சிலுவை.

"எந்த ஆளுண்ணே?"

"கடல்கட்டி."

இனிகோ சிரிக்கத் தொடங்கியவன், அத்தானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கிருபை நல்லவன். புத்தகத்தில் இல்லாத ஒரு வேஷத்தை ஒரு தாளில் அங்கேயே எழுதினான். கடல்கட்டி. சுறா வரும்போது பகடையை உருட்டலாம். பதினெட்டோ அதற்கு மேலோ விழுந்தால் சுறாவின் வாய் கட்டுப்படும். வாள் கிடையாது, வேறு வித்தை கிடையாது.

பதினெட்டு விழவா செய்யும்? நாலு விழும், ஒன்பது விழும், மாதாவை வேண்டிக்கொண்டு உருட்டினால் இரண்டு விழும். சுறா வாயைத் திறந்துகொண்டு வரும். இனிகோதான் வாளை எடுத்துக்கொண்டு பாய்ந்து எல்லாரையும் காப்பாற்றுவான். நாலைந்து வாரத்தில் சிலுவை ஒப்புக்குச் சப்பாணி ஆகிவிட்டான். அவன் முறை வரும்போது மந்திரமூர்த்தி எழுந்து பீடி குடிக்கப் போய்விடுவான். வெளியே ஊரில் என்னவோ, உள்ளே ஆட்டத்திலும் அதுவே. நினைத்துப் பாருங்கள், மனுசன் பொழுதுபோக்குக்கு ஒரு பொய்க்கதைக்குள் போகிறான், அங்கேயும் அவன் தலையெழுத்து அவனுக்கு முந்திப்போய் உட்கார்ந்திருக்கிறது!

"ஒரு அஞ்சு கூட்டிக் கொடும் வேய். பதிமூணு விழுந்தாலே கட்டுன்னு வையும். பாவம்லா" என்றான் மந்திரமூர்த்தி கிருபையிடம்.

பாவம் என்ற சொல் சிலுவைக்குச் சுருக்கென்று தைத்தது. "அஞ்சும் வேண்டாம், பத்தும் வேண்டாம்" என்றான். "கட்டுக்கும் பகடைக்கும் என்னய்யா சம்பந்தம்? எங்கப்பா பகடையா உருட்டுனாரு? வாய மூடிட்டு இருந்தாரு. கடைசி ஆளு ஏறுத வரைக்கும் ஒரு வார்த்த கெடையாது. அதாம் கட்டு. வாயத் தொறந்தா போச்சு."

கிருபை தாளில் பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினான். கதையில் முதல் ஆள் தண்ணீரில் இறங்கியதும் சிலுவை வாயை மூட வேண்டும், வேஷத்தில் அல்ல, நிசமாகவே. கடைசி ஆள் ஏறுகிறவரை அவன் பேசாமலிருந்தால் எந்தச் சுறாவும் யாரையும் தொடாது, பகடையே வேண்டாம். ஒரே ஒரு சொல் வாயைவிட்டு வந்தாலும் கட்டு அவிழும், சுறா வரும்.

அட, அன்றைக்குப் பிறகு ஆட்டத்துக்கு வந்த சூட்டைப் பார்க்க வேண்டுமே! அவனைப் பேசவைப்பதே மற்றவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. மந்திரமூர்த்தி காதில் தும்புக்கயிற்றை விடுவான். கிருபை, "அண்ணே, ஒங்க வீட்டுல தீப்பிடிச்சிட்டாம்" என்பான். சிலுவை உம்மென்று கல்லாக இருப்பான். பிறகு அவனே பழிவாங்கவும் பழகிக்கொண்டான். பேசத்தானே கூடாது? கதையில் இனிகோ கப்பலின் அடித்தட்டுக்குள் மெல்ல நுழைகிற நேரம் பார்த்து, சிலுவை கண்ணை உருட்டுவான், நெஞ்சில் அடித்துக்கொள்வான், உன் பின்னால் பார், பின்னால் பார் என்று பதறிப்பதறிக் கையைக் காட்டுவான். இனிகோ அலறியடித்துத் திரும்புவான். ஒன்றும் இருக்காது. மரத்தூள் மூட்டை அதிர அதிரச் சிரிப்பார்கள். "நீங்க ஒரு எமகாதகன் அத்தான்!" என்பான் இனிகோ. கதையில் அவர்கள் எவ்வளவு ஆழத்துக்கும் போனார்கள். சிலுவை இல்லாமல் எவனும் இறங்கமாட்டேன் என்றான். ஒரு ஞாயிறு அவனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றதும் ஆட்டத்தையே தள்ளிவைத்தார்கள்.

பதினேழு வருசம் கழித்து, தான் வேண்டும் என்று நாலு பேர் சொல்லக் கேட்டான் சிலுவை. அது மரத்தூள் மூட்டைமேல் சொன்னதாகவே இருக்கட்டுமே. தாகத்துக்குத் தண்ணீர் எந்தக் குவளையில் வந்தால் என்ன?

காற்று ஓய்ந்து கடல் தெளிந்தது. சங்கு குளிப்பு தொடங்கியது. தொடங்கிய சில நாளிலேயே வேறொரு வள்ளத்துக் குளிகாரனின் கெண்டைக்காலைச் சுறா கடித்து இழுத்துவிட்டது. உயிர் பிழைத்தான், கால் பிழைக்கவில்லை. அன்று சாயங்காலம் இனிகோ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. பிறகு தலையைத் தூக்காமல், "அத்தான், நாளைக்கு நம்ம வள்ளத்துல வந்து இருக்கீளா?" என்றான்.

"எதுக்குல?"

"சும்மாதான். நீங்க வாய மூடிட்டு இருந்தா எனக்கு ஒரு இதுவா இருக்கும்."

சிலுவை சிரிக்கப் பார்த்தான். அடுப்படியிலிருந்து பிலோமி வந்து நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. "போயி இருங்களேன். ஒங்க அப்பாரு இருந்தப்போ ஒரு குளிகாரனுக்கு நகம் கிழிஞ்சிருக்கா? நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னா நான் இங்கன ஒரு வாய்க் கஞ்சியாவது குடிப்பேன்லா" என்றாள்.

சிலுவை ஐஸ் கம்பெனியில் முறை மாற்றிக்கொண்டு போனான். வள்ளத்துக்காரச் சம்மாட்டி முதலில், இது என்ன கூத்து என்றுதான் பார்த்தார். ஆனால் காலறுந்தவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், குளிகாரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். முதல் ஆள் தண்ணீரில் குதித்ததும் சிலுவை வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்து வாயை மூடினான். மந்திரத்தைச் சொன்னான், மாதா செபத்தையும் சேர்த்துக்கொண்டான். குளிகாரர்கள் முங்கினார்கள், எழுந்தார்கள், சங்கை வள்ளத்துக்குள் எறிந்தார்கள். சுறா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் கரையேறும்போது, மூத்த குளிகாரர் ஒருவர் பேசாமல் வந்து ஒரு சங்கைச் சிலுவையின் முன்னால் வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொன்று வைத்தார்கள்.

அன்று அவன் வீட்டுக்கு நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சங்குகளைத் துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கம்பெனி வாசல் வழியாகவே வேண்டுமென்று சுற்றிக்கொண்டு போனான். வண்டிக்காரன் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் மாதா படத்தின் கீழே சங்குகளை அடுக்கினான். பிலோமி ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தாள். "ஒங்கப்பா இருந்து பாக்கணும்" என்றாள். சிலுவைக்கு அழுகை வந்தது. அழுதான், என்ன வெட்கம் இதில்!

இங்கேயே நிறுத்திவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். நானா எழுதுகிறேன் அவன் தலையில்?

அது தை மாதத்தில் ஒரு காலை. இனிகோவுக்குச் சளி பிடித்திருந்தது. சளியோடு முங்கினால் காது வலிக்கும், குளிகாரன் எவனுக்கும் தெரியும். அக்காளிடம் சொன்னால் விடமாட்டாள் என்று சொல்லாமல் வந்துவிட்டான். அன்று அவர்கள் போன இடத்தில் சங்கு அப்படிக் கிடந்தது. முங்கினவன் ஒவ்வொருத்தனும் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தான். வள்ளம் நிறைய நிறைய எல்லாருக்கும் வெறி ஏறிவிட்டது. மூச்சு வாங்க வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்து மிதக்கிற நேரமும் குறைந்துகொண்டே வந்தது. சம்மாட்டி பின்பக்கம் அமரத்தில் சங்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். அணியத்தில் சிலுவை, வாய் மூடியபடி.

இனிகோ ஒரு முங்கு போய்விட்டு வந்து, அவன் பக்கத்தில் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். சிலுவை பார்த்தான். இனிகோவின் இடது காதிலிருந்து, கடுக்கனை ஒட்டி, மெல்லிசாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் அதைக் கழுவிற்று, மறுபடி வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை, தலை சுற்றுகிறவன் கண்ணைப்போல மிதந்தது. காது உள்ளே கிழிந்துவிட்டால் தண்ணீருக்கடியில் மேல் எது, கீழ் எது என்று தெரியாது. சங்கு குளிக்கிற ஊரில் பிறந்த சிலுவைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

போதும்ல, ஏறிரு. ஒரு வார்த்தை. அதை அவன் நாக்கு நுனிவரைக்கும் கொண்டுவந்தான். அந்த நேரம் மற்றவர்கள் எல்லாரும் அடியில் இருந்தார்கள். அண்ணன் தம்பியாக, தகப்பன் மகனாக எட்டுப் பேர். வாய் திறந்தால் அந்த எட்டுப் பேருக்கும் கட்டு அவிழும். அப்படித்தான் நினைத்தான். அதை மட்டும் நினைத்தான் என்று சொன்னால் அது பொய். இத்தனை வருசத்துக்குப் பிறகு கையில் கிடைத்த கட்டு இது, அதைத் தன் வாயாலே அவிழ்ப்பதா என்றும் நினைத்தான். அதுதான் உண்மை, மறைத்து என்ன ஆகப்போகிறது.

கையைக் காட்டினான். தன் காதைத் தொட்டுக் காட்டினான், இனிகோவின் காதைக் காட்டினான், வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினான். கண்ணை அகட்டினான், நெஞ்சில் அடித்துக்கொண்டான், மேலே ஏறு என்று பதறிப்பதறிக் கையை வீசினான்.

இனிகோ அவனைப் பார்த்தான். நீலம் பாரித்த உதட்டில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. "எங்கிட்டயேவா அத்தான்! ஞாயித்துக்கிழம வச்சுக்கிடுவோம்" என்றான்.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முங்கினான்.

சிலுவை விளிம்பில் குப்புற விழுந்து தண்ணீரைப் பார்த்தான். ஒரு நிழல் கீழே போயிற்று, நேராகப் போகவில்லை, சாய்ந்து சாய்ந்து போயிற்று. ஒவ்வொருத்தராக மற்றவர்கள் எழுந்து வந்தார்கள். இனிகோ வரவில்லை. சிலுவை வள்ளத்தின் பலகையை இரண்டு கையாலும் அறைந்தான். சம்மாட்டி நிமிர்ந்து பார்த்து, தலைகளை எண்ணி, "ஏலே, இனிகோ எங்கலே?" என்று கத்தினார். எல்லாரும் முங்கினார்கள். அன்று நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்கிறவரை தேடினார்கள். மறுநாள் ஊரே தேடியது, அதற்கு மறுநாளும் தேடியது. உடம்பு கிடைக்கவில்லை. அந்தக் கடலில் அன்றைக்குச் சுறா ஒன்றுகூட வரவில்லை.

வள்ளம் கரைக்கு வந்தபோது சிலுவை வாய் திறக்கவில்லை. திகைப்பு என்று நினைத்தார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள், அங்கும் திறக்கவில்லை. அன்று முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிலோமிதான் கைவிரலால் உதட்டைப் பிளந்து ஊற்றினாள். அதுவும் கடைவாயில் வழிந்தது. இரண்டு நாள் கழித்துத் தண்ணீரும் கஞ்சியும் குடித்தான், பேச்சு மட்டும் வரவில்லை. டாக்டர் பார்த்தார், அதிர்ச்சி என்றார். சாமியார் வந்து தலையில் கை வைத்து மந்திரித்தார். யாருக்கும் விளங்காதது கிருபைக்கு மட்டும் விளங்கியது. கடைசி ஆள் ஏறுகிறவரை வாய் திறக்கக்கூடாது. கடைசி ஆள் இன்னும் ஏறவில்லை.

கிருபைக்குக் கப்பலிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. பம்பாய்க்குக் கிளம்புகிற அன்று சிலுவையின் வீட்டுக்கு வந்தான். கடல்கட்டி வேஷத்தை எழுதிய தாளைச் சிலுவையின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அண்ணே, இது நான் எழுதுனது. எழுதுனவனே சொல்லுதேன், ஆட்டம் முடிஞ்சிட்டு. பேசுங்கண்ணே" என்றான். தாளை நாலாகக் கிழித்தான். சிலுவை கிழிந்த துண்டுகளைப் பார்த்தான், கிருபையைப் பார்த்தான். எழுந்து போய்க் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். இவன் எழுதியா அந்தக் கட்டு உண்டாயிற்று? கிழித்தால் போய்விடுவதற்கு? கிருபை வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனான்.

இத்தனைக்கும் பிலோமி தன் புருசனை ஒரு சொல் சொல்லவில்லை. அவளிடம் வந்து வாயைப் பிடுங்கியவர்கள் உண்டு. "கடல்கட்டி பக்கத்துல இருந்துமா இப்படி?" என்று அண்டைவீட்டுக் கிளாடிஸ் இழுத்தபோது, பிலோமி சீறிக்கொண்டு எழுந்தாள்.

"எந்தச் சுறா வந்துது? சொல்லு பாப்பம்! இவரு கட்டுன கட்டு நின்னுது. எம் தம்பிய கடல் எடுத்துட்டு. அதுக்கு இந்த மனுசன் என்ன செய்வாரு? முங்குனவன் உள்ள எப்படிப் போனான்னு மேல இருக்கவருக்குத் தெரியுமா? இவரு வேலைய இவரு ஒழுங்காத்தான் செஞ்சாரு!"

உள்ளே உட்கார்ந்து சிலுவை இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஊர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பான்.

உடம்பில்லாமலே திருப்பலி வைத்தார்கள். கோயிலிலிருந்து திரும்பி வந்து, பிலோமி அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்கேருங்க. அவன் வரமாட்டான். எனக்குத் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். கடைசி ஆளு ஏறிட்டான்னு வச்சுக்கிடுங்க. நாந்தான் ஒங்கள அனுப்புனேன், நானே சொல்லுதேன், போதும், கட்ட அவுத்துருங்க. இந்த வீட்டுல எம் பேச்சே எனக்குத் திரும்பக் கேக்குது. பயமா இருக்கு. எங்கிட்ட ஒத்த வார்த்த பேசுங்க."

அத்தனை நாள் அடைத்துக்கிடந்த ஒன்று உள்ளேயிருந்து நகர்ந்து வந்தது. அவன் கண் பிலோமியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, வள்ளத்தின் விளிம்பைப் பார்க்கிறவனைப்போல.

"போதும்ல இனிகோ" என்றான். குரல் கரகரத்தது. "காதுல ரத்தம் வருது. ஏறிரு."

பிலோமிக்கு முதலில் சந்தோஷந்தான். பேசிவிட்டான் என்ற சந்தோஷத்தில் அவன் கையை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"எப்பம் ரத்தம் வந்துது?" என்றாள்.

சிலுவை தலையைக் குனிந்துகொண்டான்.

"கடைசியா முங்குததுக்கு முன்னாலயா?"

"ஆமா."

"ஒங்க பக்கத்துல வந்தா நின்னான்?"

"ஆமா. கையக் காட்டுனேன் பிலோமி. வெளையாட்டுன்னு நெனச்சுட்டான்."

"வாயத் தொறந்து சொல்லல."

சிலுவை இல்லை என்று தலையை ஆட்டினான்.

பிலோமி அவன் கையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். எறியவில்லை, ஏசவில்லை, மாரில் அடித்துக்கொண்டு அழவும் இல்லை. எழுந்துபோய் மாதா படத்தின் கீழே அடுக்கியிருந்த சங்குகளைச் சேலை முந்தியில் அள்ளினாள். வாசலுக்குப் போய்த் தெருவில் கொட்டினாள். திரும்பி வந்து உலை வைத்தாள்.

சிலுவை இப்போது பேசுகிறான். பேசுகிறான் என்றால், பழைய சிலுவையா என்று கேட்கிற அளவுக்குப் பேசுகிறான். ஐஸ் கம்பெனிக்குப் போகிறான், கட்டி இழுக்கிறான், வண்டிக்காரனோடு பேசுகிறான். வீட்டுக்கு வந்தால் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு பேசுகிறான். "எட்டுப் பேரு அடியில கெடந்தாங்க பிலோமி" என்கிறான். "சொல்லியிருக்கணும், எந் தப்புதான்" என்கிறான். "ஏளா, ஒரு வார்த்த ஏசவாவது செய்யேன்" என்கிறான்.

பிலோமி தட்டை வைக்கிறாள், சோற்றைப் போடுகிறாள், மீனின் நடுத்துண்டை எப்போதும்போல அவனுக்கே வைக்கிறாள். தண்ணீர்ச் செம்பை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறாள். அன்றைக்கு வாயை மூடியவள்தான்.